நிகண்டில் ஏறிய ஒரு சொல்



தாய்மொழி என்ற சொல்லை வகுப்பிலே எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாய்மொழியைப் பள்ளிக்கூடம் போய்ப் படித்த ஒரு கவிஞரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் பெயர் இரேனா கிளெப்ஃபிஷ்.

1941இல் வார்சோ நகரின் கெட்டோவில் பிறந்த யூதப் பெண். தந்தை மிகாவ் ஒரு பொறியியலாளர். 1943 ஏப்ரலில் அங்கிருந்த யூதர்கள் நாஸிகளை எதிர்த்துக் கிளர்ந்தபோது, இரண்டாம் நாட் சமரிலே மாண்டார். தாய் போலந்துக்காரியாக நடித்து உயிர் தப்பினார். குழந்தை சிலகாலம் கத்தோலிக்க அநாதை இல்லமொன்றில் மறைந்திருந்தது. யுத்தத்தின் பின் சுவீடன், 1949இல் நியூயோர்க். வாயில் முதலில் வந்தது போலிஷ் மொழி. யூதர்கள் 'மாமெ லோஷன்', அதாவது அம்மாவின் மொழி, என்று கொண்டாடிய யிடிஷை அவர் யூதத் தொழிலாளர் அமைப்பொன்றின் பள்ளியிற்றான் கற்றார். அதைப் பேசியவர்களுள் இலட்சோபலட்சம் பேர் அதற்குள் கொல்லப்பட்டுவிட்டனர்.

இவர் பெண்களைக் காதலித்தவர். தம்மை லெஸ்பியன் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னவர். சங்கடம் இங்கேதான். அழிவிலிருந்து தப்பிய ஒரு சமூகம், கலியாணமும் பிள்ளைகுட்டியுமாகத் தன்னைத் திரும்பக் கட்டியெழுப்பும்போது இப்படியொரு மகளை எங்கே இருத்தும்? சரி, பெண்ணிலைவாதிகளோடு சேர்ந்தால், அங்கும் யூத வெறுப்புத் தலைகாட்டியது. அதைச் சாடி அவர் எழுதிய கட்டுரை, 1982இல் எவலின் டோர்ட்டன் பெக் தொகுத்த யூத லெஸ்பியன் பெண்களின் நூலிலே வெளிவந்தது. பெக்கும் சிறுவயதில் வியன்னாவிலிருந்து நாஸிகளுக்குத் தப்பி வந்தவரே.

ஆனால் கட்டுரையிலும் பார்க்க என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கவிதை. 1990இல் வந்த தொகுதிக்குப் பெயர் தந்த கவிதை அது. 'தாய்மொழியிற் சில சொற்கள்' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். ஏறக்குறைய நிகண்டு அமைப்பு. யிடிஷ் சொல், பக்கத்திலே ஆங்கிலப் பொருள். வேசை, மனைவி என்று பெண்ணைக் குறிக்கும் சொற்கள் வருகின்றன. அந்த வரிசையிலே, ஊர்வாயில் வராத லெஸ்பியனும் ஒருத்தி! திவாகரத்தின் மக்கட்பெயர்த் தொகுதியைப் புரட்டிய எனக்கு, ஒரு சொல் நிகண்டில் ஏறுவதென்றால் என்னவென்று தெரியும். சொல் ஏறிவிட்டால், ஆள் ஊரிலே இருக்கிறாள் என்றாகிவிடும். போகப்போக ஆங்கிலம் உதிர்ந்து, கடைசியில் யிடிஷ் மட்டும் எஞ்சுகிறது.

உயர்தர வகுப்பிலே இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தக் கடைசி வரிகள் விளங்காதவர்கள் என்ன செய்வது?"

"அகராதி இருக்கிறதே, பிள்ளை" என்றேன்.