முதல் எறும்பு: ஒரு தேர்வின் வரலாறு

ஐரோப்பாவில் எறும்பு வளர்க்கத் தொடங்குவோருக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் இனம் லாசியஸ் நைஜர். தோட்டத்து மண்ணிலும் நடைபாதைக் கல்லிடுக்கிலும் வாழும் சிறிய கறுப்பு எறும்பு அது. அது முதலிடத்துக்கு வந்த கதை ராணி எறும்பைப் பற்றிய அறிவு வளர்ந்த கதையும்கூட.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் ரியோமூர் கண்ணாடி ஜாடிகளில் எறும்புகளை வைத்துப் பார்த்தார். அவர் எழுதி வைத்த கையெழுத்துப் படி 1926இல்தான் அச்சேறியது. ஜெனீவாவின் பியேர் ஊபேர் 1810இல் எறும்புகளின் வாழ்க்கை பற்றி நூல் வெளியிட்டார். அன்று எந்த இனம் என்ற கேள்விக்கு இடமில்லை. அருகில் எந்தப் புற்று இருந்ததோ அதைத் தோண்டிக் கூட்டத்தோடு கொண்டுவந்தார்கள்.

இங்கிலாந்தின் ஜான் லப்பக் எறும்பு வளர்க்கும் கலையை வீட்டுக்குள் நிலைநிறுத்தியவர். வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான அவர், பத்து அங்குலச் சதுரமான இரண்டு சாதாரண ஜன்னல் கண்ணாடிகளைச் சிறு இடைவெளி விட்டுப் பொருத்தி, நடுவே மெல்லிய மண் நிரப்பினார். எறும்புகள் தப்பாமலிருக்கக் கூடுகளைச் சுற்றித் தண்ணீர் நிறுத்தினார். நிறக் கண்ணாடிகளை மேலே வைத்தபோது எறும்புகள் ஊதாவை விட்டு விலகிச் சிவப்பின் கீழ் கூடின. இன்றும் பலர் கூட்டின் மீது சிவப்புத் தாள் ஒட்டுவதற்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது. 1874இல் அவரிடம் வந்த ஃபார்மிகா ஃபுஸ்கா ராணி ஒன்று 1888 வரை உயிரோடிருந்தது. எறும்பின் ஆயுள் பற்றி அதுவரை இருந்த எண்ணத்தை மாற்றிய அரிய பதிவு அது.

ஆனால் தொடக்கநிலையாளருக்கு வழி திறந்தது அவருடைய வேறொரு சோதனை. 1876இல் மிர்மிகா ருஜினோடிஸ் ராணிகளை வேலைக்கார எறும்புகள் இல்லாமல் தனியே வைத்தார். மறு ஆண்டு அவற்றின் புழுக்கள் வளர்ந்து வேலைக்காரர்கள் தோன்றின. கூட்டம் தொடங்க ராணியே போதும் என்பது உறுதியானது. 1907இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஷார்ல் ழானே அடுத்த படியை விளக்கினார். லாசியஸ் நைஜர் ராணி மணப்பறப்பு முடிந்து சிறகை உதிர்த்தபின், அதற்குப் பறக்க உதவிய தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. அந்தச் சேமிப்பைக் கொண்டு, ஒரு துளி இரையும் தேடாமல், முதல் தலைமுறையை அது வளர்த்துவிடுகிறது.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. மில்டன் லெவின் 1956இல் பிளாஸ்டிக் எறும்புப் பண்ணையை விளையாட்டுப் பொருளாக விற்கத் தொடங்கினார். அதற்கேற்றது கலிபோர்னியாவின் அறுவடை எறும்பு: உருவில் பெரியது, பகலில் உழைப்பது, கண்ணுக்குத் தெரியச் சுரங்கம் தோண்டுவது. தபாலில் வந்தவை வேலைக்காரர்கள் மட்டுமே; ராணி கிடையாது. சில மாதங்களில் அவை ஒவ்வொன்றாக இறக்க, பண்ணை காலியானது. கோடைக்கால வேடிக்கைக்கு அது போதும். ஒரு கூட்டத்தின் வாழ்வைக் காட்ட அதனால் முடியாது.

பிற்கால வளர்ப்பாளர்கள் ராணியிடமே திரும்பினர். கருவி மிக எளிது: சோதனைக் குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைக்கும் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெதுவெதுப்பான மாலையில், நம் ஊரில் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதுபோல், லாசியஸ் நைஜர் திரளாகப் பறக்கிறது. சிறகு உதிர்த்துத் தரையில் ஓடும் ராணியைப் பிடித்து இருட்டில் வைத்தால் சில வாரங்களில் முதல் வேலைக்காரர்கள் வெளிவருகின்றன. அதன்பின் சர்க்கரைநீரும் சிறு பூச்சிகளும் போதும். குளிர்காலத்தில் மட்டும் குளிர்ந்த இடத்தில் ஓய்வு தர வேண்டும்.

மற்ற இனங்கள் பின்தங்கியதற்கும் காரணம் உண்டு. மிர்மிகா ராணி தொடக்கத்திலேயே இரை தேடும். அதற்கு ஊட்ட வேண்டும். லாசியஸ் அம்ப்ராட்டஸ் ராணி பிற லாசியஸ் கூட்டில் புகுந்தே வாழ்க்கையைத் தொடங்கும். குழாயில் தனியே விட்டால் பயனில்லை. கம்பீரமான கேம்போனோட்டஸ் மிக மெதுவாகப் பெருகுவதால் புதியவரின் பொறுமையைச் சோதிக்கும். எளிய இனம் என்பதற்காக லாசியஸ் நைஜரைச் சில காலப் பொழுதுபோக்காக எண்ணுவது தவறு. வளர்ப்பில் இருந்த அதன் ராணி ஒன்று 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது.

இணைய வணிகம் வந்தபின் தேர்வு கண்டங்களைத் தாண்டியது. 2025இல் கென்யாவில் மெஸ்ஸர் செஃபலோட்டஸ் உட்பட சுமார் 5,000 எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த இரண்டு இளைஞர்களுக்கு நீதிமன்றம் தலா பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. அயல் இன எறும்பு தப்பினால், அது போய்ச் சேர்ந்த இடத்து உயிர்களுக்குக் கேடு. பிடித்த இடத்திலோ ஒவ்வொரு ராணியோடும் உருவாகாமல் போன ஒரு புற்று. அதனால்தான் பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் முதல் எறும்பை அவரவர் வாழும் ஊரின் மண்ணிலிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள்.