‘எவ்விடமும்’: தங்கும் விடுதி வரையறைக்கு உரை

நூல்: 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், சொற்பொருள் கூறும் பகுதி. அது ஆங்கிலத்தில் இயன்றது; ஈண்டு அதன் கருத்தைத் தமிழில் நிறுத்தி உரை கூறப்படுகின்றது.

*தங்கும் விடுதியாவது ஓட்டல், உணவு விடுதி. அரசோ உள்ளாட்சியோ நடத்தாத சத்திரம், தருமசாலை, ஓய்வுமனை. மற்றும் வந்துபோவோரை ஏற்று, உணவோடாயினும் உணவின்றியாயினும், பணம் பெற்றுத் துயில இடந்தரும் எவ்விடமும்.*

இத்தொடர் இருகூறாய் நின்றது. முற்கூறு பெயர் சொல்லி எண்ணிற்று. பிற்கூறு பெயர் சொல்லாது தன்மை சொல்லி வளைத்தது. கற்போர் பலர் முற்கூற்றோடு நின்றுவிடுவர். நின்று, ‘ஹோம்ஸ்டே என்பதும் செல்பேசிச் செயலிவழி நாள்வாடகைக்கு விடும் வீடும் அக்காலத்து இல்லையே, அவற்றை இச்சட்டம் எங்ஙனம் தொடும்?’ என வினவுவர். அவ்வினாவிற்கு விடை பிற்கூற்றின்கண் உள்ளது. ஆதலின் அதனைச் சொல்தொறும் நோக்குதல் வேண்டும்.

அரசோ உள்ளாட்சியோ நடத்தாத என்றது, விடுதிகளைப் பதிவு செய்யும் கையே தன் மனையையும் பதிதல் வேண்டாமையின்.

வந்துபோவோர் என்றது இடையிட்டு வந்து சின்னாளில் நீங்குவாரை. குடியிருப்போர் இதனுள் அடங்கார். அவர்க்கு வேறு சட்டமுண்டு. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்த 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்தது அது. திங்கள்தோறும் வாடகை கொடுப்பான் ஊராரால் அறியப்பட்டவன். ஓரிரவு தங்குவானை ஊரார் அறியார், அவனும் ஊரை அறியான். கிணற்றுநீர் குடிக்கத்தக்கதோ, வாயிற்படி வழுக்குமோ, நோய் கண்டால் மருத்துவர் யாண்டுளர் என்னும் இவையொன்றும் தெரியாதவனைக் காத்தலே இச்சொல்லின் கருத்து. வாணிகச் சட்டத்தில் வையாது சுகாதாரச் சட்டத்தில் இதனை வைத்ததும் அக்கருத்துப் பற்றியே என்க.

ஏற்று என்றதனான், ஏற்பான் ஒருவன் உளனாதல் பெறப்படும். இச்சிறுசொல் பெரும்பொருட்டு. திறவுகோலைப் பூட்டுப் பெட்டியிலிட்டு, அதன் எண்ணைச் செல்பேசியில் அனுப்பி, தான் வேற்றூரில் இருப்பான் வந்தவனை ஏற்றான் எனல் தகுமோ என்பது இக்காலத்து வினா. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்திய உள்ளாட்சி விதி, முப்பது நாளிற் குறைந்த தங்கலுக்கு வீட்டுக்காரர் பதிவு செய்தலும், அவ்வீட்டில் தாமும் உடனுறைதலும், விருந்தினர் இருவர்க்கு மேற்படாமையும் வேண்டிற்று. நம் நாட்டுச் சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டமும் உரிமையாளர் குடும்பம் அங்கே வாழ்தலை வேண்டி, ஆறு அறைக்கு மேல் ஏற்காது. இவையெல்லாம் ‘ஏற்று’ என்ற சொல்லின் விரிவே.

உணவோடாயினும் உணவின்றியாயினும் என்றது, ‘யாம் சோறு இடுவதில்லை; ஆதலின் விடுதியல்லேம்’ என்பாரை நோக்கி. ‘ஆயினும்’ என்பது அவ்வழியை அடைத்தது.

பணம் பெற்று என்றது, உறவும் நட்பும் பற்றி வந்தாரை விலக்குதற்கு. தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்து அதியமான்கோட்டைக் காலபைரவர் திருமுன் தேய்பிறை அட்டமிதோறும் பெருங்கூட்டம் சேரும், கருநாடகத்தினின்றும் வருவர். சாம்பல் பூசணியைப் பிளந்து விளக்கேற்றி, இரவு கடந்து, ‘எங்கே தலை சாய்ப்பது?’ என்று அலமருவாரும் உளர். அத்தை வீட்டில் மருமகன் படுத்தால் அது விருந்து. அதே பாயில் முன்பின் அறியாதவன் படுத்து, விடியலில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் போவானாயின் அது விடுதி. பாய் ஒன்றே, திண்ணை ஒன்றே. இடையில் நின்று வேறுபடுத்தியது பணம். பணம் வாங்கியவுடன் பொறுப்பும் வாங்கினான் என்பது இத்தொடரின் உள்ளுறை.

துயில இடம்: அறை என்னாது இடம் என்றார். எனவே மொட்டைமாடியும், தகரக் கொட்டகையும், காட்டோரத்துக் கூடாரமும் அடங்கின. துயில் என்றதும் சிறப்புடைத்து. விழித்திருப்பான் தீக்கும் பாம்பிற்கும் விலகுவான்; துயில்வான் தன் காவலை இடந்தந்தான் கையில் விட்டு உறங்குகின்றான். நீரும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதி. அதுபற்றியே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. படுக்கையருகே செம்பில் வைத்த நீர் காவிரியினின்று வந்ததோ, கொல்லை ஆழ்துளைக் கிணற்றினின்று வந்ததோ என்பதை வந்தவன் சுவைத்தறிதல் அரிது. வைத்தவனே அறிவான்.

எவ்விடமும்: இதுவே தொடரின் உயிர்நிலை. ஆங்கிலத்தில் ‘எந்த இடமும்’ எனப் பொருள்படும் சொல்லே உளது. தமிழில் அப்பொருளை ‘எ’ என்னும் வினாவெழுத்தும் இறுதி உம்மையும் கூடித் தந்தன. உம்மை முற்றும்மை. எண்ணியவற்றுள் அடங்காதது எஞ்சுமோ என ஐயுற்று, எஞ்சாமைப் பொருட்டு ஈற்றில் வைத்தனர் என்க. 1939-இல் இருந்தாரால் செயலியைக் கண்டிருத்தல் இயலாது. ஆயினும் வீடு வேறுபெயர் பூண்டு வருமென அறிந்து வாயிலைத் திறந்து வைத்தனர்.

இச்சொல்லைக் காவாதார்க்கு நேர்வது மசினகுடியில் காணப்பட்டது. நீலகிரி மாவட்டத்து அவ்வூரில் இசைவின்றி விருந்தினரைத் தங்கவைத்த மனையொன்றன் அருகே வந்த காட்டியானையின்மேல் எரியும் டயரை எறிந்தனர். செவிப்புறம் வெந்த அவ்யானை 2021 சனவரி 19 அன்று சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. அம்மனை முத்திரையிடப்பட்டது, இசைவு பெறாத பிறவும் ஆராயப்பட்டன. அதற்கு மூன்று திங்கள் முன், 2020 அக்டோபர் 14 அன்றே, அப்பகுதி யானை வழித்தடம் பற்றிய தமிழக அரசின் அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியிருந்தது. 1867-ஆம் ஆண்டுச் சராய்ச் சட்டம், பதியப்படாத சத்திரத்தில் ஆளும் மாடும் யானையும் ஒட்டகமும் தங்கல் ஆகாது என்றது; அது வழிச்செல்வாரோடு வந்த யானை. மசினகுடி யானையோ தன் வழியே வந்தது. அதன் வழியில் துயிலிடம் விற்றவர் மாந்தர்.

இனி, எவ்விடமும் அடங்குமாயின் எளியார் பின்கட்டறையும் அடங்கி, கட்டணமும் சான்றும் அலைச்சலும் அவரையே மிக வருத்துமே எனின், வருத்தும், அது மெய். இருபது அறை உடையான் ஓர் ஆளை வைத்துத் தாளெல்லாம் முடிப்பான். ஓரறை உடைய விதவை ஒருநாட் கூலியை விட்டு அலுவலகப் படியில் அமர்தல் வேண்டும். ஆயின் அவ்வருத்தம் இத்தொடரால் வந்ததன்று. வரையறை, இன்னது விடுதி என்னும் அளவே கூறிற்று. எளியார்க்கு இத்துணை, வலியார்க்கு இத்துணை என அளத்தல் உள்ளாட்சியின் கடன். நல்லம்பள்ளியில் செவ்வாய்ச் சந்தைக்கு முதல்நாள் இரவே ஆட்டோடு வந்து ஓர் அறையில் நால்வராய்ப் படுக்கும் வியாபாரிக்கு இடந்தருவாளை, பெயரும் ஆளெண்ணும் எழுதி, நீரைச் சோதித்து, அன்றே கையில் தாள் கொடுத்து அனுப்பும் ஊராட்சி இச்சொல்லின் கருத்தறிந்தது. மூன்று முறை திரும்பிவரச் சொல்வது அறியாதது.