முகம் காணாத ஆலோசனை

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் செம்பூருக்கு அடுத்து வரும் கோவண்டி நிலையத்தின் சுற்றுப்புறத்தில், 1927ஆம் ஆண்டு முதல் மாநகரத்தின் கழிவை வாங்கிக்கொண்டு உயர்ந்திருக்கும் தேவனார் குப்பை மேடும், மரங்கள் அடர்ந்த டாடா சமூக அறிவியல் கழகமும் ஒன்றுக்கொன்று சமீபமாகவே அமைந்திருக்கின்றன. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள முடியாமல் தவிப்பவர்களும், மனம் சோர்ந்து உயிரையே வெறுத்துவிட்டவர்களும், தம் முகத்தைக் காட்டாமல் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ ஆலோசனை பெறுவதற்கென்று ‘ஐகால்’ என்னும் சேவையை 2012 செப்டம்பரில் ஆரம்பித்தது இந்தக் கழகந்தான். கணினியும் கைப்பேசியும் வந்தபிறகு தோன்றிய நூதனம் என்றே பலரும் இதை எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இதன் பூர்வ சரித்திரம் நெடியது. அதில் தமிழருக்கும் பங்கு உண்டு.

1920களில் பம்பாய் நாக்பாடாவின் நெருக்கடியான தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே சேவை இல்லம் ஒன்றை நடத்திய அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபர்ட் மேன்ஷார்ட், பிறர் துயரைக் கேட்டு உதவுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று உணர்ந்தார். அந்த உணர்விலிருந்தே, ஸர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையின் பொருளுதவியோடு, 1936இல், பின்னர் டாடா சமூக அறிவியல் கழகமாக மாறிய, இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்லூரி பிறந்தது. மேன்ஷார்ட்டுக்குப்பின் அதன் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர், தஞ்சாவூரைச் சேர்ந்த குடும்பத்தவர். கல்லூரி தொடங்கிய மறு ஆண்டே, 1937இல், குழந்தைகளின் மனக்குறைகளை ஆராயும் ஆலோசனை நிலையம் ஒன்றையும் அந்த ஸ்தாபனம் திறந்தது. பைத்தியம் என்று பெயரிட்டுக் கோட்டை மதிலுக்குள் அடைப்பதைத் தவிர வேறு மார்க்கம் அறியாதிருந்த ஒரு காலத்தில், சின்னக் குழந்தையின் பிடிவாதத்தையும் பயத்தையும் உட்கார்ந்து கேட்டு, அதன் வீட்டு நிலைமையையும் விசாரித்து, தண்டிக்காமல் திருத்தப் பார்த்த அந்தப் பிரயத்தனம் லேசானதல்ல. 1954இல் கல்லூரி தேவனாருக்குக் குடிபெயர்ந்தது.

கல்லூரி தானே விரும்பி வந்தது. சுற்றுப்புறத்து ஜனங்களில் பெரும்பாலோர் விரட்டப்பட்டு வந்தவர்கள். நகரத்தின் நடுப்பகுதியில் குடிசைகள் இடிக்கப்பட்டபோதெல்லாம் சிவாஜி நகரிலும் பைங்கன்வாடியிலும் பத்தடிக்குப் பதினைந்தடி என்று அளந்து மனை கொடுத்தார்கள். அணுசக்தி நிலையத்தின் அருகே இருந்த ஜனதா காலனியில் தமிழர் ஏராளம். அவர்களுக்காகப் பல ஆண்டு போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜாக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை நிறுவிய அவர், 2000ஆம் ஆண்டில் மகசேசே விருதும் பெற்றார். அத்தனை போராடியும், 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலையின் பலத்தோடு அந்தக் காலனி இடித்துத் தள்ளப்பட்டு, ஜனங்கள் சீத்தா கேம்ப்பின் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். வீடும் வேலையும் அண்டை அயலும் ஒரே நாளில் பறிபோனவர்களின் மனநிலையை விசாரிக்க அன்று எவரும் வரவில்லை என்பதையும் இந்தச் சரித்திரத்தில் எழுதித்தான் ஆகவேண்டும்.

லாகிரியின் கதையும் இதே மண்ணோடு பின்னிக் கிடக்கிறது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடிப்பவனைக் குற்றவாளியாகவே கண்டது. விளைவு, தாராவியிலும் அண்டைச் சேரிகளிலும் கள்ளச்சாராயம் குடிசைத் தொழிலாயிற்று. விஷச் சாராயத்துக்கு 1991ஆம் ஆண்டின் கடைசி இரவில் விக்ரோலியிலும், 2015 ஜூனில் மால்வணியிலும் ஏழைகள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1980களில் பிரௌன் ஷுகர் வந்தது, பிறகு சந்துப் பையன்கள் துணியில் ஊற்றி முகரும் ஸொல்யூஷன் வந்தது, இப்போது எம்.டி. என்று சொல்லப்படும் மெஃபெட்ரோன் வந்திருக்கிறது. மீட்சிக்கான வழிகளும் இல்லாமலில்லை. ஏ.ஏ. என்னும் குடிநோயாளர் கூட்டம் 1957இல் பம்பாயில் ஆரம்பமாயிற்று; சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தையும், பாந்த்ராவில் பாதிரியார் ஜோ பெரேரா 1981இல் கிருபா நிலையத்தையும் தொடங்கினார்கள். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று நிரூபித்த இந்த ஸ்தாபனங்களுக்கு நம் சமூகம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும் அவற்றின் வாசற்படியை மிதிக்க ஒருவனுக்குக் கூலி போகாத நேரம் வேண்டும். நாலு பேர் பார்ப்பார்களே என்ற லஜ்ஜையை வெல்லும் துணிவும் வேண்டும்.

அந்த லஜ்ஜைக்கு மாற்றாகத்தான் தொலைபேசி வந்தது. 1953இல் லண்டன் தேவாலயம் ஒன்றில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணம் கொண்டவர்கள் பேசுவதற்கென்றே தொலைபேசி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1986இல் அதே நோக்கத்தோடு டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சினேகா’வை நிறுவினார். 1996இல், அதே டாடா கழகத்தின் முயற்சியாக, ஆதரவற்ற குழந்தைகளுக்கான 1098 என்னும் எண் பம்பாயில் பிறந்தது. ஐகால் இந்தப் பரம்பரையின் அடுத்த தலைமுறை. குரலோடு மின்னஞ்சலையும், பின்னர் உடனுக்குடன் எழுதிப் பேசும் சாட் முறையையும் அது சேர்த்துக்கொண்டது.

எழுத்தில் ஆலோசனை சொல்வது தனி வித்தை. நேரில் இருந்தால் கண் கலங்குவது தெரியும். தொலைபேசியில் மௌனமாவது கேட்கும். சாட்டில் திரையின் மூலையில் மூன்று புள்ளிகள் அசைந்து, நின்று, மறுபடி அசைந்து, கடைசியில் ‘ஒண்ணுமில்ல’ என்ற ஒற்றைச் சொல் வந்து விழுவது மட்டுமே தெரியும். மறுமுனையில் இருப்பவர் எழுதி அழித்தது என்ன என்பதை அவசரப்படாமல், அதட்டாமல், உபதேசம் செய்யாமல் வெளிக்கொணர்வதில்தான் ஆலோசகரின் பயிற்சியெல்லாம் அடங்கியிருக்கிறது.

கோவண்டியில் இந்த எழுத்து முறைக்கு ஒரு விசேஷ மதிப்பு உண்டு. கோலி என்னும் பத்தடி ஒற்றை அறையில் மாமியார், கணவன், மூன்று குழந்தைகள், பரண்மேல் கொழுந்தன் என்று ஒரு குடும்பம் இருக்கையில், கணவனின் குடியைப் பற்றிக் குரலெடுத்துப் பேச ஒரு பெண்ணுக்கு அந்தரங்கமான இடம் எது? அரிசி டப்பாவின்மேல் சார்ஜ் ஏறும் கைப்பேசியை எடுத்து, அடுப்பின் பக்கம் திரும்பி, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அவள் கேட்கலாம், கேட்டதை அழித்தும்விடலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, அடிப்பவனும் அடிபடுபவளும் இரவுபகல் ஒரே கூரையின்கீழ் அடைபட்டபோது, இது வசதி என்ற நிலையைக் கடந்து அத்தியாவசியமாயிற்று. தொலைமருத்துவத்துக்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டதும் அந்த மாதம் 25ஆம் தேதிதான். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேச வழி உண்டானதை, சீத்தா கேம்ப்பின் முதியவர்களை நினைத்து நான் மிகுந்த சந்தோஷத்தோடு வரவேற்கிறேன். வாழ்நாளெல்லாம் பம்பாய் ஹிந்தியில் வேலை பார்த்தவர்களும் துக்கத்தைத் தாய்மொழியில்தான் சொல்லுகிறார்கள்.

ஆனால் தூரத்து ஆலோசனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. ‘மேடம், ரெண்டு நாளா குடிக்கல, கை நடுங்குது, சுவத்துல பூச்சி ஓடுற மாதிரி தெரியுது’ என்று நள்ளிரவில் ஒரு வரி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்த வேளையில் ஆறுதல் வார்த்தை பயன்படாது. கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மளமளவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கோவண்டியிலேயே இருக்கும் மாநகராட்சியின் சதாப்தி ஆஸ்பத்திரிக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ உடனே போகச் சொல்லி, ஆட்டோ கிடைத்ததா என்று மறுபடியும் விசாரிக்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாதவனிடம் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கவேண்டிய தருணம் அது. அவன் சொல்லுகிறானா என்பது, அதற்குமுன் அவனிடம் எவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.