இரத்மலானைக்கு வந்த யுத்தம்



பலாலி விமானத்துக்காக இரத்மலானையில் காத்துக்கிடந்த அனுபவம் வெள்ளவத்தைக்காரர் பலருக்கு உண்டு. தொண்ணூறுகளில் நானும் அப்படிக் காத்திருந்தேன். பொதிகளைக் கிளறிச் சோதித்து முடியும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் எங்கள் ஐயா சொல்லும் கதை ஞாபகத்துக்கு வந்தது. இந்த ஓடுபாதையில் விழுந்த முதற் குண்டுகள் எங்கள் நாட்டுச் சண்டைக்குரியவை அல்ல.

1935 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த சிறு விமானமொன்று இங்கே இறங்கியது. நாலு வருடம் கழித்து, 1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி, பிரித்தானியா ஜேர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்தது. எங்களை எவரும் கேட்கவில்லை. 1931 இலேயே சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு இது. அரசாங்க சபை இருந்தது, மந்திரிமாரும் இருந்தார்கள். ஆனால், டொனமூர் அரசியலமைப்பில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதம செயலாளரான வெள்ளைக்கார உத்தியோகத்தர் கையில். இது ஏகாதிபத்திய யுத்தம் என்று சொன்ன சமசமாஜத் தலைவர்களான என்.எம்.பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் 1940 யூனில் சிறைக்குப் போனார்கள்.

முதலிரண்டு வருடமும் யுத்தம் எங்கோ தூரத்தில்தான். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 இல் இரங்கூன் போனது. இங்கேதான் கணக்கு மாறியது. மலாயாவின் றப்பரை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கை றப்பரே பெரிய தஞ்சம். மரத்தின் ஆயுளைப் பாராமல் பட்டையை வெட்டிப் பாலெடுத்தார்கள். விலையோ சந்தை விலையல்ல. பிரித்தானியா நிர்ணயித்த விலை. அந்தப் பணமும் ஸ்ரேலிங் கணக்கில் இலண்டனிலேயே குவிந்தது. யுத்தம் முடிந்த பின்னரும் நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியவில்லை. கடன் கொடுத்தவன் வறியவன், வாங்கியவன் செல்வந்தன்!

பர்மா வீழ்ந்ததோ நேரே வயிற்றில் விழுந்த அடி. நாங்கள் உண்ட அரிசியில் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது. அதிலும் பர்மா அரிசியே அதிகம். கூப்பன் வந்தது. பஜிரி என்ற பெயரைச் சனம் அப்போதுதான் கேட்டது. கோதுமை மாவும் பாணும் அடுப்படிக்குள் குடியேறியதும் அந்தக் காலத்தில்தான். கொழும்பில் வாழ்க்கைச் செலவு யுத்தம் முடியுமுன் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. படைகள் காசைக் கொட்டின. வாங்கச் சாமான் இல்லை.

ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கிளம்பிய கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பி முடிக்குமுன் அவரது விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஐயா அப்போது துறைமுகத்தில் கிளாக்கர், கொட்டாஞ்சேனையில் அறை. கோயில் மணிச் சத்தத்தோடு விமானச் சத்தமும் கேட்டதாம். "எங்கட பிளேன்தான்" என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்களாம். காலை ஏழரை மணியளவில் துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டு விழுந்தது. செய்தி வந்திருந்தும் அந்த வேளை எச்சரிக்கை கிடைக்கவில்லை. 30 ஆம் பிரிவின் ஹரிகேன் விமானிகள் குண்டு விழ விழவே மேலெழுந்தார்கள். பக்கத்துப் புகையிரத வேலைத்தளமும் தப்பவில்லை. அங்கொடை மனநோய் மருத்துவமனை மேலும் குண்டு விழுந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அன்றே கடலில் இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கி நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 9 ஆம் திகதி திருகோணமலையின் முறை.

ஐயா இரண்டாம் நாள் யாழ்ப்பாண மெயிலில் தொற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்து இந்தியத் தொழிலாளர் பலரும் ஊருக்குக் கிளம்பினார்கள். கப்பலில் மூட்டை இறக்க ஆளில்லை என்ற நிலை.

நகுமோவின் படை எங்கள் தேயிலைக்காக வரவில்லை. பிரித்தானியக் கிழக்குக் கடற்படை இங்கே நின்றது. அதைத் தேடி வந்தது. ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். யப்பானியர் வென்றிருந்தால் நன்மை என்று நான் வாதாடவில்லை. சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட பல்லாயிரம் மலாயாத் தமிழரை நினைப்பவன் அப்படிச் சொல்லமாட்டான். சொல்லாமற் கொள்ளாமல் எங்களைச் சண்டைக்குள் இழுத்ததுதான் என் வழக்கு. தாக்குதலின் பின் படைகள் குறையவுமில்லை. 1944 இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகமே பேராதனைக்கு வந்தது.

சுதந்திரத்தின் பின்னும் பிறர் யுத்தம் எங்களை விடவில்லை. கொரிய யுத்தத்தில் றப்பர் விலை ஏறியது, பிறகு விழுந்தது. அரிசி விலை மட்டும் ஏறியே நின்றது. 1952 டிசெம்பரில் சீனாவுடன் றப்பர்-அரிசி ஒப்பந்தம்: வருடம் 50,000 தொன் றப்பர், 270,000 தொன் அரிசி. சீனா கொரியாவில் எதிர்ப்பக்கம் நின்றதால் அமெரிக்கா எங்களுக்கு உதவியை மறுத்தது. 1953 யூலையில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால். உயிர்கள் போயின, டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

அந்தக் கூப்பன் வரிசையிலும் ஐயா நின்றிருக்கிறார். இரத்மலானையில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அந்த வரிசையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொதியைத் தூக்கிக்கொண்டு, ஐயா அண்ணாந்து பார்த்த அதே வானத்தின் கீழ், ஓடுபாதையை நோக்கி நடந்தேன்.