வாட்ச் டாக்ஸ்

வாட்ச் டாக்ஸ் என்பது, பிள்ளை படிக்கும் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு நாளாவது தன்னார்வப் பணி செய்யத் தந்தையரை அழைக்கும் அமெரிக்கத் திட்டம். 'காவல் நாய்கள்' என்று பொருள்படும் இப்பெயரின் பிற்பகுதி 'டாட்ஸ் ஆஃப் கிரேட் ஸ்டூடன்ட்ஸ்', அதாவது 'சிறந்த மாணவர்களின் அப்பாக்கள்' என்பதன் முதலெழுத்துகளால் ஆனது.

1998 மார்ச் 24 அன்று, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஜோன்ஸ்பரோ அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் 13, 11 வயதுச் சிறுவர் இருவர் சுட்டதில் நான்கு மாணவியரும் ஓர் ஆசிரியையும் உயிரிழந்தனர். அச்செய்தி உலுக்கியதால், அதே மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் நகரைச் சேர்ந்த ஜிம் மூர் என்ற தந்தை, ஜார்ஜ் தொடக்கப் பள்ளியில் அவ்வாண்டே இதைத் தொடங்கினார். பின்னர் தேசியத் தந்தைமை மையத்தின் வழியே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

அச்சத்தில் பிறந்தாலும் இத்திட்டத்தில் காவல் சிறு பகுதியே. காலையில் வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்பது, நடைவழிகளையும் கதவுகளையும் பார்வையிடுவது, வாசிக்கத் திணறும் குழந்தையின் அருகே அமர்ந்து உதவுவது, மதிய உணவு வேளையில் சேர்ந்து உண்பது, மைதானத்தில் பந்து விளையாடுவது என்று அந்த நாள் நிரம்பிவிடும். பெற்ற தந்தைதான் வரவேண்டும் என்பதில்லை. தாத்தா, மாமா, சித்தப்பா, வளர்ப்புத் தந்தை என யாரும் வரலாம். வீட்டில் அப்பா இல்லாத குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆள் சேர்ப்பதிலும் நுட்பமுண்டு. கல்வியாண்டின் தொடக்கத்தில் அப்பாக்களையும் பிள்ளைகளையும் ஒரு மாலை பீட்சா விருந்துக்கு அழைத்து, நாட்காட்டியை நீட்டி, அங்கேயே தேதி குறித்துக்கொள்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது 'பிறகு பார்க்கலாம்' என்று நழுவுவது கடினம்.

இதன் தேவையை அமெரிக்கக் கல்வித் துறை 1997இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டுகிறது. பொதுக்கூட்டம், ஆசிரியர் சந்திப்பு, பள்ளி நிகழ்ச்சி, தன்னார்வப் பணி ஆகிய நான்கில் மூன்றிலேனும் பங்கேற்பதை அது மிகுந்த ஈடுபாடாகக் கொண்டது. தாய், தந்தை இருவரும் உள்ள குடும்பங்களில் தாய்மாரில் 56 விழுக்காட்டினர் அந்நிலையை எட்ட, தந்தையரில் 27 விழுக்காட்டினரே எட்டினர். தந்தை ஈடுபட்ட பிள்ளைகளிடையே உயர் மதிப்பெண் கூடுதலாகக் காணப்பட்டது. தந்தையின் ஈடுபாடே இதற்குக் காரணம் என்று மெய்ப்பிக்க இந்தத் தொடர்பு மட்டும் போதாது.

தந்தையர் வராததற்கு அக்கறையின்மையைவிட, பள்ளி விவகாரம் அம்மாவின் பொறுப்பு என்ற பழக்கமே பெரிய காரணமாக இருக்கலாம். குறித்த தேதியும் செய்யக்கூடிய வேலையும் சொல்லி அப்பாவையே நேரில் அழைப்பதுதான் இத்திட்டத்தின் வலிமை.