வில்லு வண்டியில இருந்து ஜீப் பட்டை வரைக்கும்

பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கி, வீட்டு வாசல்லயே நிறுத்தி சஸ்பென்ஷனை மாத்திக் கட்டறது இப்ப டவுன்ல இருக்கிற பசங்களுக்கு ஒரு ஆசைங்க. அவங்க கேக்கற மொதக் கேள்வி, “வண்டியை எவ்வளவு ஒசத்தலாம்?” எங்க நாமகிரிப்பேட்டைப் பக்கம் பட்டறையில கேக்கற கேள்வி வேற: “எவ்வளவு பாரம் தாங்கும்?” வண்டியில உக்காந்து வர்ற ஆளோட இடுப்பு எவ்வளவு தாங்கும்னு ரெண்டு பக்கமும் அதிகமாக் கேக்கறதில்ல. இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு இருக்குதுங்க.

ஜீப்புக்கும் லாரிக்கும் அடியில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கிற வளைஞ்ச இரும்பைத்தான் நாங்க பட்டைன்னு சொல்றோம். பட்டை வர்றதுக்கு முன்னாடி ‘வில்’ வந்துச்சு. லண்டன்ல ஒபடையா எலியட்ங்கிறவர் 1804-05 வாக்குல, ரெண்டு வில்லை எதிரும் புதிருமா வெச்ச மாதிரி ஒரு ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டியோட கனமான அடிச்சட்டம் அதனால தேவையில்லாமப் போச்சு. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஸ்பிரிங் போட்ட மாட்டு வண்டிக்கு மக்கள் வெச்ச பேர்தான் வில்லு வண்டி.

ஊர்ல எல்லா வண்டிக்கும் வில் கிடையாது. எரு, கரும்பு, நெல்லு மூட்டை ஏத்தற பார வண்டியில பலகை நேரா அச்சு மேலதான் உக்காரும். கல்லுல ஏறினா அந்தக் குலுக்கல் அப்படியே முதுகுல இறங்கும். வில்லு வண்டி பெரிய பண்ணையக்காரங்க கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போறதுக்கு. பாரம் ஏத்தறவனுக்கு வில் இல்ல, பாரத்துக்குச் சொந்தக்காரனுக்கு வில் உண்டு.

இது வெறும் சொகுசு சமாச்சாரம் இல்லீங்க. திருவிதாங்கூர்ல புலையர் மக்கள் பொது வழியில நடக்கவே தடை இருந்த காலம். 1893ல அய்யன்காளி ஒரு வில்லு வண்டியும் காளைகளும் வாங்கி, தலைப்பாகை கட்டிக்கிட்டு அதே வழியில ஓட்டிப் போனார். மேல்சாதிக்காரங்க மறிச்சாங்க, அவர் நிக்கல. கேரளத்துல இன்னைக்கும் அதை வில்லுவண்டி யாத்திரைன்னு நினைவு வெச்சிருக்காங்க. ஸ்பிரிங் மேல யார் உக்காரலாம்ங்கிறதும் அன்னைக்கு அரசியல்தான்.

அப்புறம் ஜீப் வந்துச்சு. 1941ல இருந்து அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி கட்டின அந்த வண்டியை நாம ஜீப்னு சொல்றோம். ராணுவக் கணக்குல அது ‘கால் டன் டிரக்’. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 80 அங்குலம். நாலு சக்கரத்துக்கும் பட்டை, அதோட அகலம் ஒண்ணே முக்கால் அங்குலம்தான். நாலஞ்சு சிப்பாய்ங்க, கொஞ்சம் தளவாடம், அவ்வளவுதான் அந்தப் பட்டை போட்ட கணக்கு.

1947ல மகேந்திரா கம்பெனி இந்தியாவுல ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது. பட்டாளம் கழிச்சுப் போட்ட வண்டிங்களும் ஏலத்துல ஊருக்குள்ள வந்துச்சு. கொல்லிமலை மாதிரி இடத்துக்கு இது சாமி குடுத்த வரம். காரவள்ளியில இருந்து மேல போற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த ரோட்டை விட்டு இறங்கிக் காட்டு வழியில போய்ப் பலாப்பழம், அன்னாசி, வாழைத்தார், மிளகு மூட்டையைக் கொண்டு வர ஜீப்புதான் தோது. பத்துப் பன்னெண்டு பேரும் ஏறுவாங்க. கால் டன் கணக்கு அன்னைக்கே முடிஞ்சு போச்சு.

இதுல எஞ்சினும் சேர்ந்துக்கிச்சு. பெட்ரோல் எஞ்சின் குடிச்ச குடிக்கு வெவசாயிக்குக் கட்டுபடி ஆகல. 1973ல எண்ணெய் விலை எகிறினதுக்கு அப்புறம் நெறைய பேர் டீசல் எஞ்சினை மாத்தி வெச்சாங்க. மகேந்திராவே இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சின் வழியில வந்த டீசல் எஞ்சினை ஜீப்புக்குப் போட்டுச்சு. டீசல் எஞ்சின் கனம், மூக்கு தாழ்ந்துரும். அப்ப முன்னாடியும் ஒரு பட்டை சேர்க்கணும். ஆக, ஜீப் நம்ம ஊருக்கு வந்ததுல இருந்தே சஸ்பென்ஷனை நாமதான் திருப்பித் திருப்பிக் கட்டிக்கிட்டு இருக்கோம்.

அதுக்கு வேண்டிய கை இங்கயே இருந்துச்சு. நாமக்கல்னாலே லாரி, லாரி பாடி கட்டற பட்டறை. திருச்செங்கோடுன்னா போர்வெல் ரிக் வண்டி. லாரிக்குப் பட்டை அடிச்சுப் பழகின ஆளுக்கு ஜீப் பட்டை வெளையாட்டுச் சாமான்.

வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்றேன். சட்டத்துக்கு ஜாக்கி வெச்சுத் தூக்கி ஸ்டாண்டு குடுத்துட்டு, யூ போல்ட்டைக் கழட்டுவாங்க. ஷேக்கிளைப் பிரிச்சுப் பட்டைக்கட்டை வெளிய எடுத்து, சென்டர் போல்ட்டை விட்டா பட்டைங்க தனித்தனியா வந்துரும். வளைவு செத்துப்போன பட்டையைத் தீயில வைக்காம, அடியில தாங்கு குடுத்து, சுத்தியால வரிசையா அடிச்சு வளைவு ஏத்துவாங்க. கேஸ் வெச்சுக் காய்ச்சி வளைச்சா அந்த எடத்துல ஸ்பிரிங் குணம் போயிரும். மறுபடி முழுப் பட்டையையும் செவக்கக் காய்ச்சி, எண்ணெயில முக்கி, திரும்பவும் பக்குவமாச் சூடு காட்டணும். வீட்டு வாசல்ல அது ஆகற காரியம் இல்ல. பட்டை மேல வெல்டிங் வைக்கறது அதை விடத் தப்பு, அங்கதான் மொதல்ல விரிசல் விடும்.

பட்டைக்கு ஒரு கணக்கு உண்டுங்க. தடிமன் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்காகும். நீளம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டுல ஒரு பங்காகும். 6 மில்லி பட்டைக்குப் பதிலா 8 மில்லி போட்டா ரெண்டு மில்லிதான் கூடுதல், ஆனா விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. லாரியில இருந்து கழிச்ச தடிப் பட்டையை வெட்டி ஜீப்புக்குச் சேர்த்தா வண்டி ஏன் கல்லு மாதிரி ஆகுதுன்னா இதுதான் காரணம். மூட்டை இருந்தா வண்டி நேரா நிக்கும். மூட்டையை இறக்கிட்டு வேலைக்காரப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு வரும்போது பின் பெஞ்சுல உக்காந்தவங்க தூக்கித் தூக்கிப் போடப்படுவாங்க. வில் இருந்தும் அவங்களுக்கு வில் இல்ல. பார வண்டிக் கதை திரும்பவும் வந்துருச்சு.

டவுன் பசங்க செய்யறது வேற மாதிரி. பழைய ஜீப்புல பட்டை அச்சுக்குக் கீழ இருக்கும். அதை அச்சுக்கு மேல மாத்தி வெச்சா, அச்சுக் குழாயோட கனமும் பட்டைக்கட்டோட கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒசந்துரும். பாக்க ஜோரா இருக்கும். ஆனா எஞ்சின் பக்கத்துல இருந்து அச்சுக்குப் போற ஷாஃப்ட்டோட சாய்வு கூடி ஜாயின்ட் தேயும். ஸ்டீயரிங் கம்பியோட கோணம் மாறி, பள்ளத்துல விழுந்தா வண்டி தானா இழுக்கும். பாரம் மேல போனதால வளைவுல கவுற பயமும் கூடும். கொண்டை ஊசி வளைவுல அது வெளையாட்டு இல்ல.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த மூல விவரத்துக்கு மாறா ஆர்.சி.யில உள்ளது ஆகற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. தேஞ்ச பட்டையை அதே அளவுல புதுசா மாத்தறது பராமரிப்பு. வண்டியோட உருவத்தையே மாத்தறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

2020ல வந்த தார் வண்டியில நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங். பட்டையே கிடையாது. சொகுசு, சந்தேகமில்ல. ஆனா அதுல பட்டறைக்காரர் சுத்தி வைக்க எடமில்ல. காதுல சத்தம் கேட்டே பட்டை சரியா வளைஞ்சுதான்னு சொல்ற ஆளுங்களுக்கு வயசாயிருச்சு, பக்கத்துல நின்னு பழகற பசங்க கம்மி.

அதனால பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்க, அந்த ஆளுங்க இருக்கும்போதே ஒரு தடவை போங்க. போறப்ப ஒசரமும் கேக்காதீங்க, பாரமும் கேக்காதீங்க. “எப்பவும் நாலு பேர் உக்காந்து வருவோம், அதுக்குத் தோதா மெல்லிசுப் பட்டையா அடுக்கிக் குடுங்க”ன்னு கேளுங்க. ஒரு தடிப் பட்டைக்குப் பதிலா நாலஞ்சு மெல்லிசுப் பட்டை போட்டு, நடுவுல கிராஃபைட் கிரீஸ் தடவி, புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் புதுசா மாத்தினா, அதே ஜீப் வேற வண்டியாத் தெரியும். கழட்டின தடிப் பட்டையைத் தூக்கிப் போட்டுராதீங்க, கொல்லர்கிட்டக் குடுங்க. லாரிப் பட்டையில அடிச்ச அருவாளுக்கு ஊர்ல தனி மரியாதை உண்டு. முதுகை ஒடைக்கறதை விட வெறகை ஒடைக்கறது அதுக்கு நல்ல வேலைங்க.