சாலைக்கான காசும் சபையின் கேள்வியும்

1931இல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது, உள்ளாட்சி மன்றங்கள் சாலைகளின் குறுக்கே சாவடி கட்டி வசூலித்துவந்த சுங்கம் ஒழிந்தது. திருச்சியில் நம்பர் ஒன் டோல்கேட், வடசென்னையில் டோல்கேட் என்று இன்றும் பஸ் நிறுத்தங்கள் பெயர் தாங்கி நிற்பது அந்தக் காலத்தின் எச்சம். அந்தச் சட்டத்தின் உள்ளே ஓர் உடன்படிக்கை இருந்தது. வண்டி வைத்திருப்பவர் ஊருக்கு ஊர் நின்று காசு கொடுக்க வேண்டாம். மாகாண அரசுக்கு வரி கட்டினால் போதும். சுங்கத்தை இழந்த ஜில்லா போர்டுகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசு ஈடு கொடுக்கும். யார் தருகிறார், யார் வாங்குகிறார், எதற்காக என்ற மூன்றுக்கும் ஒரு சட்டமன்றம் ஒரே ஏட்டில் பதில் எழுதிவைத்தது. நம் பக்கத்துச் சாலை நிதியின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான தருணம் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தெளிவு படிப்படியாகக் கலைந்த கதைதான். சாலைக்கான பணம் எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியில் இருப்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் சாலை போடுகிறவர் பதில் சொல்வார். சட்டமன்றத்தின் கையைக் கடந்து பணம் போகத் தொடங்கியதும் கேள்வியும் வலுவிழந்தது.

இதற்கு முந்தைய நல்ல உதாரணம் தஞ்சாவூரில் இருக்கிறது. 1884இன் உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் இயங்கிய தஞ்சை ஜில்லா போர்டு, ரயில் பாதை போடுவதற்கென்றே நிலத் தீர்வையோடு சேர்த்து ரூபாய்க்கு 3 பை வீதம் தனி வரி போட்டது. ரூபாய்க்கு 192 பை என்பதால், அறுபத்து நான்கில் ஒரு பங்கு. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894இல் திறக்கப்பட்டது. 1903இல் அது அறந்தாங்கியைத் தொட்டபோது நீளம் ஏறத்தாழ 100 மைல். வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதை போர்டுக்குச் சொந்தம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மிராசுதார் தீர்வை கட்டும்போது ரயிலுக்கென்று எவ்வளவு போகிறது என்பதை அறிந்திருந்தார். அந்தப் பணத்தில் எழுந்த பாலத்தையும் நிலையத்தையும் தன் வயலோரமே பார்த்தார். இதை மக்களாட்சி என்று சொல்லிவிட முடியாது. போர்டின் தலைவர் கலெக்டர். உறுப்பினர்களில் பலர் நியமனம் பெற்றவர்கள். தீர்வைச் சுமையில் ஒரு பகுதியைக் குத்தகை வழியாகத் தாங்கிய சாகுபடிக்காரருக்கு அங்கே குரலே இல்லை. ஆனாலும் ஒரு பெயருள்ள வரி, ஒரு பெயருள்ள வேலை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே கணக்கு என்ற அமைப்பு அங்கே இருந்தது. குரல் இல்லாதவர்களுக்குக் குரல் கொடுத்து அந்தக் கணக்கைக் காப்பாற்றியிருந்தால், அதுவே முழுமையான மேற்பார்வையாக வளர்ந்திருக்கும்.

குரல் பின்னால் வந்தது, கணக்கோடு சேர்ந்து வரவில்லை. 1919இன் சீர்திருத்தத்துக்குப் பின் சென்னைச் சட்டமன்றம் 1921 ஜனவரியில் கூடியது. உள்ளாட்சி, இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்ட துறை. நீதிக்கட்சியின் பனகல் ராஜா அதைப் பார்த்துக்கொண்டார். நிதியோ கவர்னரின் நிர்வாக சபையிடமே இருந்தது. சாலை பழுதாகிக் கிடக்கிறது என்று உறுப்பினர் எழுந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். பணம் தர வேண்டியவர் அந்தச் சபையின் நம்பிக்கையைச் சார்ந்து பதவியில் இல்லாத ஒருவர். உள்ளூரில் சுங்கச்சாவடியின் நிலையும் இதே போலத்தான். ஆண்டுதோறும் ஏலம் விட்டு, கூடுதலாகக் கேட்டவருக்குக் குத்தகை. குத்தகைதாரர் போர்டுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டால், அதற்கு மேல் வண்டிக்காரரிடம் கறப்பதெல்லாம் அவருக்கு. நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி சாவடியில் நிற்கும்போது, அது கொடுக்கிற காசில் எவ்வளவு சாலைக்குப் போகிறது என்பது வண்டிக்காரருக்கும் தெரியாது, சட்டமன்ற உறுப்பினருக்கும் தெரியாது. 1931இன் சட்டம் இந்தக் குத்தகைதாரரைத்தான் நடுவிலிருந்து அகற்றியது. சட்டமன்றம் செய்த அந்த வேலையை இன்னும் உரக்கப் பாராட்ட வேண்டும்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வழியும் திறந்தது. எம். ஆர். ஜெயகர் தலைமையிலான குழு 1927–28இல் இந்தியச் சாலைகளை ஆராய்ந்து, பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு அதைச் சாலைக்கென்றே ஒதுக்கச் சொன்னது. 1929இல் கேலனுக்கு 2 அணா கூட்டி மத்தியச் சாலை நிதி உருவானது. எந்த மாகாணத்தில் எவ்வளவு பெட்ரோல் செலவாகிறதோ அந்த அளவில் பங்கு. நோக்கம் நல்லது, அந்த நிதி இல்லாவிட்டால் பல பாலங்கள் காகிதத்திலேயே நின்றிருக்கும். ஆனால் எந்த வேலைக்குச் செலவிடலாம் என்பதற்கு இந்திய அரசின் ஒப்புதல் வேண்டும். சென்னை மாகாணத்து வண்டிகளில் ஊற்றிய பெட்ரோலுக்கான பணம் மேலே போய், மேலிருந்து மானியமாகக் கீழே இறங்கியது. வாங்குகிறவர் நன்றி சொல்லலாம். கேள்வி கேட்க முடியாது. 2000இன் சட்டம் வழியாக இன்று அந்த நிதி டீசல், பெட்ரோல் மீதான கூடுதல் வரியில் பெருகி நிற்கிறது. திசை மட்டும் மாறவில்லை.

அரசியலமைப்புச் சட்டம் நிலைமையைச் சீராக்கியது போலத் தோன்றும். சாலைகளும் பாலங்களும், வாகன வரியும், சுங்கமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. வரியெல்லாம் மாநிலத்தின் தொகுப்பு நிதியத்தில் சேர வேண்டும். சட்டமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்றாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. மானியக் கோரிக்கை விவாதம், வெட்டுத் தீர்மானம், தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் பரிசீலிக்கும் பொதுக் கணக்குக் குழு என்று கேள்வி கேட்கும் கருவிகள் எல்லாம் உண்டு. ஆனால் பொது நிதியில் கலந்ததும் வாகன வரிக்கு முகவரி போய்விட்டது. அதைச் சாலையோடு கட்டிவைத்திருந்த கடைசிக் கயிறு நீதிமன்றத்தில் இருந்தது. 1962இல் ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் (ராஜஸ்தான்) வழக்கில் உச்ச நீதிமன்றம், சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடாக வாங்கும் வாகன வரி வணிகச் சுதந்திரத்துக்குத் தடையாகாது என்றது. வரி கேட்கும் அரசு அதற்கு ஈடாகச் சாலையைக் காட்ட வேண்டியிருந்தது. 2016இல் ஜிண்டால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த ஈட்டு வரிக் கோட்பாட்டையே கைவிட்டது. மாநிலங்களின் வரி உரிமைக்கு அது வலுச்சேர்த்ததை நான் வரவேற்கிறேன். இனி நீதிமன்றம் கேட்காத கேள்வியைச் சட்டமன்றம் கேட்டாக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் விளைவு.

அப்படிக் கேட்க முடியாதபடி சுங்கச்சாவடி திரும்பி வந்துவிட்டது. அரசின் டிட்கோவும் ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனமும் கூட்டாக 1998இல் தொடங்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், பின்னர் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கட்டணம் வாங்கியது. தேசிய நெடுஞ்சாலைகளில் 2008இன் விதிகளின்படி ஆண்டுக்கு 3 விழுக்காடும், மொத்த விலைக் குறியீட்டின் உயர்வில் 40 விழுக்காடும் தானாகக் கூடும். எந்தச் சபையும் கை தூக்க வேண்டியதில்லை. இன்று நாமக்கல்லிலிருந்து புறப்படும் ஒரு லாரி மாநிலத்துக்குக் காலாண்டு வரி கட்டுகிறது, டீசலில் மத்தியச் சாலை நிதிக்குக் கட்டுகிறது, சாவடியில் ஃபாஸ்டாக் வழியாக மறுபடி கட்டுகிறது. 1931இல் ஒன்றுக்கு மாற்றாக வந்த வரியும், அது ஒழித்த சுங்கமும் இப்போது கைகோத்து நிற்கின்றன. மூன்று கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இடம் எதுவும் இல்லை.

சாலைப் பணத்தைச் சட்டமன்றத்தின் கையில் திரும்ப வைக்க வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. சட்டமன்றத்திடம் விட்டால் ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிக்கு ஒரு மேம்பாலம் கேட்பார், முதன்மைச் சாலை பாதியில் நிற்கும் என்பது முதலாவது. அது உண்மைதான், ஆனால் தொகுதிக் கோரிக்கை வெளியில் தெரிகிறது, அதை எதிர்த்துப் பேச இன்னொருவர் அதே அவையில் இருக்கிறார். நிறுவனத்தின் இயக்குநர் கூட்டத்தில் எடுக்கும் முடிவுக்கு அப்படி ஓர் எதிர்வரிசை கிடையாது. நான்கு வழிச் சாலைக்கான கடனை ஆண்டு வரவு செலவில் திரட்ட முடியாது, கட்டண வருமானத்தைக் காட்டினால்தான் வங்கி தரும் என்பது இரண்டாவது. இதை ஏற்கிறேன், கடன் வாங்க நிறுவனம் தேவைப்படலாம், கட்டணத்தை அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் மறைப்பதற்குத் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலை ஒன்றியத்தின் பொருள், மாநிலம் என்ன செய்யும் என்பது மூன்றாவது. அங்கே மாநிலத்தின் கை கட்டப்பட்டிருப்பது உண்மை. ஆனால் மாநிலத்தின் சொந்தச் சாலைகளுக்கு அந்தச் சாக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் பழைய மகாபலிபுரம் சாலையின் நான்கு சாவடிகளில் வசூல் நிற்கும் என்று அமைச்சர் சட்டமன்றத்தில்தான் அறிவித்தார். நிறுத்துவதை அறிவிக்க அவை வேண்டியிருந்தது என்றால், தொடங்குவதற்கும் ஆண்டுதோறும் தொடர்வதற்கும் அதே அவையில் வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்பது அதிகப்படி ஆகாது.

அதற்கான கருவியும் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974 மாநிலத்தின் சொந்தச் சட்டம். அதைத் திருத்த யாருடைய அனுமதிக்கும் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. வாகன வரியாக வந்தது எவ்வளவு, மாநிலச் சாலைகளில் கட்டணமாக வந்தது எவ்வளவு, மத்திய நிதியிலிருந்து இறங்கியது எவ்வளவு, இதில் எந்தச் சாலையின் பராமரிப்புக்கு எவ்வளவு போனது என்று சாலைவாரியாக ஓர் அறிக்கையை நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையோடு சேர்த்து வைக்கும்படி அதில் ஒரு பிரிவு போதும். தஞ்சைப் போர்டின் காலத்தில் ரூபாய்க்கு 3 பை என்று தீர்வை கட்டியவருக்குத் தெரிந்திருந்ததை, இப்போது ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்டு வாங்க வேண்டும். எதிர்க்கட்சியினர் தலைமை ஏற்கும் பொதுக் கணக்குக் குழு அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.